குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்புமுன்: கொங்குநாட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஊட்டி பக்கம்தானே என்ற நினைப்பில்தான் போன வருடம் நாங்கள் ஏமாந்தோம். ஐந்து பெரியவர்கள், மூன்று பிள்ளைகள். முதல்நாள் ராத்திரி பத்து மணிக்கு மூட்டை கட்டத் தொடங்கி, காலை எட்டு மணிக்கு வண்டியேறி, அறைக்குள் கால் வைத்தபோது மாலை ஐந்தரை. வழியில் சின்னவன் நான்கு தடவை வாந்தி எடுத்தான். அம்மாவின் சர்க்கரை மாத்திரை வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றோம். இந்த வருடம் அதே ஆட்கள், அதே ஊர், அதே இரண்டு ராத்திரி. பத்தரைக்கெல்லாம் குன்னூரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். எப்படி என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், எழுதியே வைத்துவிட்டேன்.

1. போகும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள், அறையை அப்புறம் பாருங்கள்

ஏப்ரல், மே சீசன். மே மாதம் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவது பூவைப் பார்ப்பதற்கா, வண்டிகளைப் பார்ப்பதற்கா என்று யோசித்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் மண் சரிந்தால் பஸ்ஸும் நிற்கும், மலை ரயிலும் நிற்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மூட்டுவலிக்காரர்களுக்குத் திண்டாட்டம். எங்களுக்குச் சரிப்பட்டது செப்டம்பர் காலாண்டு விடுமுறை.

முடிந்தால் ஞாயிறு ஏறி, செவ்வாய் இறங்குங்கள். சனிக்கிழமை காலை ஏறுபவர்கள் மேட்டுப்பாளையம் ஊருக்குள்ளேயே ஒரு மணி நேரத்தைத் தொலைக்க வேண்டியிருக்கும்.

மலை ரயில் ஆசை இருந்தால் போகும் நாளை அதுதான் முடிவு செய்யும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துபோகும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பி, ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டி சின்னது, பெரிய சூட்கேஸை வைக்க இடம் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து மணி நேரம் அதிகம் என்பது என் கருத்து. குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ரயிலில் போனால் ஆசையும் தீரும், பொறுமையும் மிஞ்சும்.

2. வண்டி: வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை

சொந்த வண்டி என்றால் ஒரு வாரத்துக்கு முன்னால் பிரேக் பேட், டயர், கூலன்ட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முதல்நாள் காட்டினால் "பேட் மாத்தோணுங்க, சாமான் நாளைக்குத்தான் வரும்" என்பார்.

வாடகை வண்டி என்றால் மஞ்சள் நம்பர் பலகை உள்ள டி போர்டு வண்டியாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தவர், விலை குறைச்சல் என்று வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்துப் போனால் வழியில் பிடித்து அபராதம் போடுவார்கள். விபத்து என்றால் இன்சூரன்ஸ் கேட்கும்போது தகராறு வரும்.

பேசும்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கணக்கு ஷெட் டு ஷெட்டா (வண்டி அவர்கள் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை), நம் வீட்டு வாசலிலிருந்தா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு? பெரும்பாலும் 250 என்பார்கள். ஊட்டியில் நாள் முழுக்கச் சுற்றினாலும் 60 தாண்டாது, ஆனாலும் 250க்குத்தான் காசு. டிரைவர் பேட்டா எவ்வளவு, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் ஓடினால் இன்னொரு பேட்டா? மலை ஏறுவதற்குத் தனியாக வாங்குவார்களா? பார்க்கிங் யார் கணக்கில்? டிரைவர் எங்கே படுப்பார்? கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. குளிரில் அந்த மனுசன் வண்டிக்குள்ளேயே படுத்துவிட்டு, விடிந்ததும் கண் சிவக்க ஸ்டியரிங்கைப் பிடித்தார். டிரைவருக்குப் படுக்கை உள்ள விடுதியாகப் பார்ப்பது தர்மத்துக்காக மட்டுமல்ல, நம் உயிருக்காகவும்தான்.

கொண்டை ஊசி வளைவில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் வீம்பு வேண்டாம். மேட்டுப்பாளையம் வரை காரில் போய், நிறுத்திவிட்டு அரசு பஸ் ஏறிவிடுங்கள். கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் ரோடு புதிய பஸ் நிலையத்திலிருந்தே நேராக பஸ் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களுக்கு, அடுத்துச் சொல்லப்போகும் இ-பாஸும் தேவையில்லை.

3. இ-பாஸ்: காசு இல்லை, ஆனால் கவனம் வேண்டும்

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். வால்பாறைக்கும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. அரசுத் தளத்தில் செல்போன் எண்ணைப் போட்டு, ஓடிபி வந்ததும் பெயர், வண்டி எண், வண்டி வகை, தயாரித்த வருடம், எரிபொருள், ஆட்களின் எண்ணிக்கை, போகும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் எல்லாம் நிரப்பினால் அப்போதே கிடைத்துவிடும். பத்து நிமிட வேலை. கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி. எடுத்துத் தருகிறேன் என்று 200 ரூபாய் கேட்கும் ஆளும் வேண்டாம்.

குன்னூர், கோத்தகிரி வரைதானே போகிறோம், ஊட்டிக்குப் போகவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். பாஸ் நீலகிரி மாவட்டம் முழுக்கப் பொருந்தும். டி.என். 43 என்று நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கு விலக்கு உண்டு.

சாவடியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். 2025 கோடையில் ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று அளவு வைத்தார்கள். அப்படி அளவு வைக்கும் நாட்களில் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாள் முடிவானதும் எடுத்துவிடுங்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். டிராவல்ஸில் ஒரு வண்டி எண் கொடுத்தார்கள், அதை வைத்துப் பாஸ் எடுத்தோம். காலையில் வாசலில் வந்து நின்றது வேறு வண்டி. "அது சர்வீஸுக்குப் போயிருச்சுங்க, இதுவும் அதே மாடல்தானுங்க" என்றார் டிரைவர். நாங்களும் சரி என்று ஏறிவிட்டோம். அடிவாரத்தில் கையில் ஸ்கேனரோடு நின்றவர் போனையும் நம்பர் பலகையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நம்பர் வேறயா இருக்குதுங்களே?" அவர் மேல் தப்பில்லை. ஓரம் கட்டி, சிக்னல் வந்து வந்து போன போனில் மறுபடி முதலிலிருந்து எல்லாம் நிரப்பினோம். பின் சீட்டில் மூன்றும் ஒன்று மாற்றி ஒன்று அழுதன. ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, வரப்போகும் வண்டியின் ஆர்.சி. படத்தை வாட்ஸ்ஆப்பில் வாங்கி, பாஸில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு போனில் வையுங்கள். ஒரு அச்சுப் பிரதியும் டிரைவரிடம் இருக்கட்டும்.

4. அறை: படிக்கட்டை எண்ணச் சொல்லிக் கேளுங்கள்

மலை ஊரில் விடுதிகள் சரிவில் இருக்கும். படத்தில் பச்சைப் புல்வெளி, மரக் கதவு, எல்லாம் அழகுதான். போன வருடம் எங்கள் வண்டி மேலே ரோட்டிலேயே நின்றுவிட்டது. அறை 58 படிக்குக் கீழே. அம்மா பாதியில் உட்கார்ந்து, "கண்ணு, மலையப் பாக்க வந்தமா, படியேற வந்தமா?" என்றார். அடுத்த இரண்டு நாளும் அறையை விட்டு நகரவில்லை. அதிலிருந்து போன் செய்தால் என் முதல் கேள்வி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் எத்தனை படி என்பதுதான்.

மற்றக் கேள்விகள்: வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் மட்டுமா? மேற்கத்தியக் கழிப்பறை உண்டா? எத்தனை வயது வரை பிள்ளைக்குக் காசு இல்லை? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? ஹீட்டர் தனிக் காசா? எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்? பெரும்பாலான இடங்களில் மதியம் 12 அல்லது 1 மணி; அதற்குமுன் போனால் மூட்டையை வைக்க மட்டும் விடுவார்கள்.

முன்பணத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. இணையத்தில் தேடும்போது விடுதிப் பெயரோடு வரும் போன் எண்கள் எல்லாம் விடுதியின் எண்கள் இல்லை. யுபிஐயில் பணம் போடும்போது திரையில் வரும் பெயர் விடுதியின் பெயரா, யாரோ ஒரு தனி ஆளின் பெயரா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

5. காகிதமும் காசும்

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள அட்டை. விடுதியில் ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், மாசுச் சான்று, ஓட்டுநர் உரிமம். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். சிக்னல் இல்லாத இடத்தில் காகிதம் கைகொடுக்கும். மாசுச் சான்று எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் யாருக்கும் தெரியாமல் முடிந்து கிடக்கும்.

பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஆயிரம் ரூபாய் தனிப் பர்ஸில். கழிப்பறை, பார்க்கிங், வேர்க்கடலை எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுப்போம்.

6. மூட்டை: வீட்டில் கிடக்கும் மஞ்சப்பைகள் போதும்

ஆளுக்கொரு பை என்று கட்டினால் சின்னவனின் ஒரு ஜட்டிக்காக மொத்தப் பையையும் கட்டிலில் கொட்ட வேண்டும். நாளுக்கொரு பை கட்டுங்கள். நம் வீடுகளில் கல்யாண வீட்டுத் தாம்பூல மஞ்சப்பைக்குப் பஞ்சமா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மஞ்சப்பை: உள்ளாடை, சட்டை, கால்சட்டை, சாக்ஸ், எல்லாம் சுருட்டி உள்ளே. வெளியே பேனாவால் பெயரும் கிழமையும். காலையில் பையை எடுத்துக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. கழற்றிப் போட்ட அழுக்குத்துணி அதே பைக்குள் திரும்பப் போகும்.

குளிருக்கு ஒரே ஒரு தடித்த ஜெர்க்கினை நம்ப வேண்டாம். காலையில் நடுங்குவோம், மதியம் வெயிலில் வேர்க்கும். முழுக்கை பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். ஊட்டியில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவசரத்தில் காசைக் கொட்டும் வழி. திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு நடை போய்வந்தால் பாதிக் காசில் முடியும். பெரியவர்களுக்குக் காது மூடும் குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ். மழைக்காலம் என்றால் எல்லாருக்கும் இன்னொரு ஜோடி செருப்பு, நனைந்த ஷூ அங்கே காயாது. சென்னிமலை பெட்ஷீட் இரண்டு வண்டிக்குள்ளேயே கிடக்கட்டும். புல்வெளியில் விரிக்கப் பவானி ஜமக்காளம்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தடை வெறும் பலகையோடு நிற்பதில்லை, சாவடியில் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதுவும் கூடாது; பறிமுதலும் உண்டு, அபராதமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. நாணயம் போட்டுப் பிடித்துக்கொள்ளலாம்.

மாத்திரைகளுக்கு ஒரு தனிப் பை. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக, அட்டையோடு எடுங்கள். டப்பாவில் உதிர்த்துப் போட்டால் எது எது என்று கடைக்காரருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து வையுங்கள். இந்தப் பை டிக்கியில் போகக் கூடாது, மடியில் இருக்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

7. வயிறு: பாதி ஊட்டிப் பயணம் இங்கேதான் கெடுகிறது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவைவிட மோசம், போனைக் குனிந்து பார்ப்பது. அடிவாரத்தில் கல்லாறு தாண்டியதும் போனையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். வாந்தி வரும் பிள்ளையை முன்பக்கம் ரோடு தெரிகிற மாதிரி, நடுவரிசையின் மத்தியில் உட்கார வையுங்கள். கடைசி வரிசை கூடவே கூடாது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் வண்டிக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

வாந்தி மாத்திரை போடுவதென்றால் மலையேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். குமட்டல் தொடங்கியபின் போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாத மாத்திரைகள் உண்டு. தூக்கம் வரும் என்பதால் ஓட்டுபவர் தொடவே கூடாது.

கிளம்பும்போது பால் வேண்டாம். போன வருடம் சின்னவனுக்கு வெறும் வயிறாகப் போகக் கூடாதே என்று ஒரு டம்ளர் பூஸ்ட் கொடுத்தேன். பர்லியார் வருவதற்குள் அது என் சேலை மேல் இருந்தது. இந்தத் தடவை இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். பிளாஸ்டிக் கவர் கூடாது என்பதால் மூடி போட்ட பழைய தூக்குப்போசி ஒன்றில் செய்தித்தாள் போட்டுக் காலடியில் வைத்தேன். கழுவினால் போதும், நாற்றமும் வெளியே வராது. கூட ஈரத் துண்டு ஒன்று, எலுமிச்சம்பழம் இரண்டு. எலுமிச்சை வாந்தியை நிறுத்துமோ என்னவோ, அத்தைக்கு அது கையில் இருந்தால் தைரியம்.

ஏற ஏறக் காது அடைக்கும். சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு வருவதைக் காட்டினால் ஏன் அடைக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். மென்று விழுங்க ஏதாவது கொடுங்கள், கைக்குழந்தை என்றால் தாய்ப்பால்.

கட்டுச்சோற்றுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் போதும். அரிசிம்பருப்புச் சோறு கட்ட ஆசையாகத்தான் இருக்கும், மதியத்துக்குள் ஊசிப்போகும். தேங்காய்ச் சட்னி கட்டவே வேண்டாம், எள்ளுப்பொடி எடுங்கள். சோறு நன்றாக ஆறியபின் வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டினால் தட்டு வேலையும் இல்லை. வழியில் இறங்கிச் சாப்பிடும்போது குரங்குகள் வரும். அவற்றுக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளைகள் கையில் பண்டத்தோடு நிற்கவும் விடாதீர்கள். எங்கள் தூக்குப்போசி மூடியைக் கழற்றத் தெரிந்த குரங்கு ஒன்று அங்கே இருக்கிறது.

8. வீட்டை யாரிடம் விடுவது

டவுன்காரர்கள் பேப்பர், பால் நிறுத்தி, கேஸ் ரெகுலேட்டரை மூடி, மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆயிற்று. வீடு பூட்டிக் கிடக்கும் என்று பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஊட்டியில் நிற்கும் படத்தை அன்றைக்கே ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மாடுதான் சங்கடம். கறவை மாடு புதுக் கைக்கு மடி விடாது. பால் கறக்கப் போகிறவரை இரண்டு நாள் முன்னாலேயே வரச்சொல்லி, நீங்கள் பக்கத்தில் நிற்க ஒரு வேளை கறக்க விடுங்கள். தவிடு, புண்ணாக்கு அளவைத் தாளில் எழுதித் தோட்டத்துச் சாளை (கொட்டகை) சுவரில் ஒட்டுங்கள். சொசைட்டிப் பால் அட்டை அவர் கையில் இருக்கட்டும். வாய்க்கால் தண்ணீர் முறை விழும் நாளில் பயணம் வைக்காதீர்கள். வைத்தால் வீட்டுக்காரர் உடம்புதான் ஊட்டியில் இருக்கும்.

9. கிளம்பும் காலை

மூட்டைகள் முந்தின மாலை ஆறு மணிக்குள் வண்டியேற வேண்டும். காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளைத் தூக்கத்தோடேயே வண்டியில் கிடத்துங்கள். குளியல் எல்லாம் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல், கழிப்பறை, டிபன் மூன்றையும் ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் குன்னூர் வரை பாதை காலியாக இருக்கும். கழிப்பறைக்கு "எனக்கு வரல" என்று சொல்லும் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அதற்குத்தான் ஐந்தாவது வளைவில் வரும்.

ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை முறை.

10. இறங்கும் நாள்

சீசன் நாட்களில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். அறை குன்னூரில் இருந்தால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மசினகுடிப் பக்கம் இறங்குகிறவர்களுக்குக் கல்லட்டிப் பாதைதான் கிட்ட என்று மேப் காட்டும். 36 கொண்டை ஊசி, வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதியில்லை. மேப் அதைச் சொல்லாது.

எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் கருகல் வாடை வரும். வாடை வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இறங்கத் தொடங்கினால் மூடுபனிக்கு முன் அடிவாரம் வந்துவிடலாம். ஊட்டி வர்க்கி வாங்கினால் தாள் பையில் கேட்டு வாங்கி, டிக்கியில் போடாமல் யாராவது மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு அடியில் போனால் வீடு சேரும்போது தூள்தான் மிஞ்சும். ஸ்வெட்டர்கள் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு நாள் நம் ஊர் வெயிலில் போட்டுவிட்டுப் பீரோவில் வையுங்கள்.

மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கக் கூடாது. இதை நான் முதல் படியிலேயே எழுதியிருக்க வேண்டும்.